பத்து சென்டிமீட்டர்

ஒன்பது மீட்டர் நீளம் வேண்டுமாம்,
கிளாக்ஸ்விக் மீன் தொழிற்சாலையின்
உணவுக்கூடச் சுவருக்கு.
அனுப்பிய படமோ ஆறாயிரம் புள்ளி அகலம்.
வகுத்துப் பார்த்தேன்:
அங்குலத்துக்குப் பதினேழு.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"தள்ளி நின்றுதானே பார்ப்பார்கள்" என்றான் ரோய்,
இயந்திரத்தின் விலாவில்
மஞ்சள் மைக்குப்பியைச் செருகியபடி.
அங்கே தள்ளி நிற்க இடமில்லை.
சுவரை ஒட்டி மேசை,
மேசையை ஒட்டி
சூப்பு உறிஞ்சும் வாய்கள்.

முதலில் தூசி.
சென்சாரில் ஒட்டிய மூன்று துகள்
வானத்தில் மூன்று சாம்பல் தட்டுகளாய் மிதந்தன.
சதையில் முள் எடுப்பதுபோல்
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
நான்காவது, கடற்பறவை.
விட்டுவிட்டேன்.

அப்புறம் நீலம்.
திரையில் கடல் எரிகிறது.
அந்த நீலம் தாளில் கிடையாது;
இருக்கும் மைகளை எப்படிக் குழைத்தாலும்
அங்கே போய்ச் சேர வழியில்லை.
திரை, தானே விளக்கேற்றிக்கொண்டு பேசும்.
தாளுக்கோ
குழல்விளக்கு போடும் பிச்சைதான் வெளிச்சம்.
கடலைத் தணித்தேன், இன்னும் கொஞ்சம் தணித்தேன்.
பரோயே தீவின் கடல்
அதற்குப் பிறகுதான் அந்த ஊர்க்கடல் ஆனது.

கறுப்பு ரப்பர் அங்கிகள்
ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சேறாய்க் கிடந்தன.
நிழலைத் தூக்கி
ஆளுக்கொரு மடிப்பு பிரித்துக் கொடுத்தேன்.
பெரிதாக்கியதில் முகங்கள் மெழுகாய் வழுக்கின;
மேலே பொய்மணல் தூவினேன்.
கண்ணுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்.
சொரசொரப்பு இருந்தால் போதும்,
உள்ளே விவரம் இருப்பதாக நம்பிவிடும்.
இதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

செவ்வாயன்று சுன்வூர் அழைத்தாள்,
மூன்றாம் வரிசையில் கண் மூடியிருப்பவள்.
"திறந்துவிட முடியுமா?"
முடியும். வேறொரு படத்திலிருந்து
ஒரு ஜோடி எடுத்து வைக்கலாம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வேண்டாம். பத்து மணிநேரம் வெட்டிவிட்டு வந்து நின்றேன்.
மூடியே இருக்கட்டும்.
ஆனால் தாடையைக் கொஞ்சம்..."
குறைத்தேன்.

புதனன்று மேலாளர் ஹெயின்:
"இடது ஓரத்தில் நிற்கிறானே அரை ஆள், மார்னர்,
அவன் மார்ச்சிலேயே நின்றுவிட்டான்.
சம்பளப் பாக்கி என்று வாரம் ஒரு கடிதம் வேறு.
எடுத்துவிடு."

எடுக்கவே தேவையில்லை.
சுவர் அச்சுக்குச் சுற்றிலும்
பத்து சென்டிமீட்டர் மிகை விடுவோம்,
கத்தி பிசகினாலும் வெள்ளை தெரியாதிருக்க.
ஒரு தோள், ஒரு காது, ஒரு மஞ்சள் கையுறை:
மார்னர் மொத்தமும் அந்தப் பத்துக்குள்.
யார்மேலும் பழி வராது.
அளவு அப்படி.

சரி என்றேன்.
சரி என்று சொல்லிவிட்டு
சுவரின் வரைபடத்தை மறுபடி பார்த்தேன்.
இடப்பக்கம் சுவர் முடிவதில்லை,
திரும்புகிறது;
வருகை பதியும் இயந்திரம் மாட்டிய
குறுகலான நடைவழிக்குள்.
மேலாளர் வருவது மாடிப்படி வழியாக.

வேலைத்தாளில் மேல், கீழ், வலது:
வெட்டவும்.
இடது என்ற இடத்தில் ரோய்க்கு எழுதினேன்:
மடக்கவும்.
அவன் படித்தான். என்னைப் பார்த்தான்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை ஒட்டினோம்.
எட்டுப் பட்டைகள். ஐந்தாவது இணைப்பு
யாரோ ஒருவரின் மூக்கில் விழுந்து
அரை மில்லிமீட்டர் கோணிவிட்டது;
அது என் தவறு, இன்னும் உறுத்துகிறது.

திங்கள் காலை ஹெயின் எதிரே நின்று
இடமிருந்து வலம் எண்ணினார்.
"கடல் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

பசை காயவில்லை, தொடாதீர்கள் என்று
மூலைக்கு அந்தப்பக்கம்
அட்டை தேய்க்கும் இடத்திலும் எழுதி வைத்திருந்தோம்.
எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கையில்
மஞ்சள் கையுறைமேல்
அதற்குள் நாலைந்து விரல்தடம்.