மைனஸ் ஒன்று

காளவாசல் கிளையில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அந்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்.
என் பெயருக்கு நேரே
மைனஸ் ஒன்று.

பூஜ்ஜியம் என்றால்கூட
ஓர் இடத்தில் நிற்கிற மாதிரி இருந்திருக்கும்.

"யாருகிட்டயும் கடனே வாங்கினதில்லயா தம்பி?"
இல்லை மேடம் என்றேன்
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.
"அதான் பிரச்சினை."
வண்டிக் கடன் விண்ணப்பம்
மடிப்புக் கலையாமல் என் கைக்கே திரும்பியது.

அப்பாவுக்கு வரலாறு உண்டு.
அவனியாபுரத்தில் ஒருவரின் பச்சை அட்டை நோட்டில்
வாரவட்டியாக
பதினோரு பக்கம் ஓடியது அவர் பெயர்.
கம்ப்யூட்டர் அதைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு மிக்ஸி வாங்கினேன்
எட்டுத் தவணையில்.
எல்லீஸ் நகர் அறையில் அடுப்பே கிடையாது.
நான்கு பேர், இரண்டு பாய், ஒரு ஃபேன்.
பிரிக்காத பெட்டியின் மேல்
கதிரேசன் ஷேவிங் கண்ணாடியைச் சாய்த்து வைத்தான்.
ஒரு வருஷ கேரண்டி
அட்டைக்குள்ளேயே தீர்ந்துகொண்டிருந்தது.
"சட்னி எப்படா?" என்று தினமும் ஒருத்தன் கேட்டான்.
கடனுக்காக வாங்கியது, சட்னிக்கு இல்லை என்றால்
யாருக்குப் புரியும்?

ஐந்தாம் தேதி விடிவதற்கு முன்
பாக்கெட்டில் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள்.
இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஒன்றாம் தேதியிலிருந்தே
சாயங்கால டீயை நிறுத்திவிடுவேன்.

மே நான்கு. எதிர்சேவை ராத்திரி.
ஊரே தல்லாகுளத்தில் நின்றது.
திருவிழா முடியட்டும் என்று முதலாளி
சம்பளத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்.
என் கணக்கில்
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது.

சிக்கந்தர் அண்ணன் கல்லை விட்டு நகரவில்லை.
இரண்டு கையிலும் மாவு.
"சட்டைப் பையில போன் இருக்கு, எடு.
ஐந்நூறா போட்டுக்க" என்றவர்
ரகசிய எண் நான்கையும்
அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி
சத்தமாகச் சொன்னார்.

எட்டாவது தவணை போன மாதம் தெரிந்தது:
எழுநூற்று இருபத்தாறு.
பச்சைப் பகுதியில் முள் நின்றது.
அதே அம்மா இந்த முறை
உட்காருங்க சார் என்றார்.

புது வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி
போனை அவருக்கு நீட்டினேன்.
புரோட்டாவைத் தட்டிக்கொண்டே பார்த்தார்.
"இதுல என் ஐந்நூறு எங்கடா இருக்கு?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.
வண்டியின் முதல் தவணை ஐந்தாம் தேதி.
அவருக்கு
இன்னும் கொடுக்கவில்லை.