நானூற்றிப் பதினேழு

தலவாக்கலை பஸ்ஸில் ஏறினால்
முதலில் 'ரெண்டு கிலோ' போடுவான் கண்டக்டர்.
சாக்குக்கென்று தராசில் கழிக்கிறார்களே, அந்த ரெண்டு கிலோ.
அதுக்கும் ஆட வைத்துவிட்டார்கள்
'ஏழாம் மலை' பையன்கள்.
அடுத்தது 'கடைசி பஸ்ஸு கொட்டகலைக்கு'.
அதுக்கு ஆடித்தான் நாத்தனார் கல்யாணத்தில்
வாடகை மேசை ஒன்று உடைந்தது.

மூன்றாவது பாட்டு வந்த பிறகு
ஹட்டன் டவுனில் டீசேர்ட்டில் என் நம்பரை அடித்துத் தொங்கவிட்டார்கள்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்.

நானூற்றிப் பதினேழு, நானூற்றிப் பதினேழு,
நானூற்றிப் பதினேழு எங்கே?
அதோடு ரெண்டு தட்டுக்குச் சத்தமே இல்லை.
பிறகு தப்பு இறங்கும்.

ஓடிப்போன பெண்ணாம் அவள்.
வெள்ளவத்தையில் சேலைக்கடையில் நிற்கிறாளாம்,
காதலன் தேடுகிறானாம்.
பஸ்ஸில் ஒருத்தி கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

செக்ரோலில் அது கமலவேணி, கீழ்ப்பிரிவு.
புரட்டாசி, பகல் மட்டம்.
யார் கை பட்டதோ, கூடு கலைந்தது.
நாலு பேர் கீழே ஓடினார்கள்.
நான் படங்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு
தேயிலைத் தூருக்குள் படுத்தேன்.
ஒரு ஆளுக்கு அங்கே இடம் இருக்கிறது,
முழங்காலை மடக்கினால்.
நாக்கு வீங்கி வாய் நிறைந்துவிட்டது.
மேலே கொழுந்து நிறுக்கிற இடத்தில்
கங்காணி கூப்பிட்டது மூன்றும் கேட்டது.
'எங்கே?' என்றதும் கேட்டது.

ரோட்டோரம் கிங்ஸ்லி
தப்பு ஒத்திகையை ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.
பின்னால் வந்து விழுந்த சத்தம் அது.
தாளத்தில் விழுந்ததாம், அக்கா, அப்படியே விழுந்தது.

பாட்டு ஓடிய பிறகு
அரைக் கிலோ திராட்சையோடு லயத்துக்கு வந்தான்.
குரல் கங்காணியுடையது, நம்பர் தோட்டத்துடையது,
யாருக்குக் காசு கொடுப்பது என்று தெரியவில்லை என்றான்.
எனக்கும் தெரியவில்லை.
அன்றைக்கு எனக்கு விழுந்தது அரைப் பேர்.
அடியில் ஓடுகிறதே ஒரு 'ம்ம்ம்', அது என்னடா என்றேன்.
கீபோர்ட் அக்கா.
சத்தியமாகவா?
சத்தியமாகக் கீபோர்ட்.

மாசி மாதத் திருவிழாவில் மேடை போட்டார்கள்.
மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினான்.
மூவாயிரம் வாய் என்னைக் கூப்பிட்டது, மூன்று தரம்.
எங்கே?
கையில் கடலைச் சுருள்.
அந்த ரெண்டு தட்டுக்குள்
'இங்கதான்' என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

முன்னால் நின்ற பையன் திரும்பினான்,
நெஞ்சில் என் நம்பர்.
அந்த எடத்துல யாரும் பதில் சொல்லக்கூடாதுக்கா,
பாட்டே அதுதான்.