பந்தை விடாமை

டிக்கோயா மைதானத்தில், எழுபத்தோராம் நிமிடம்,
விசில் ஊதியது நான்தான்.
சட்டப்படி சரி. இப்போதும் சொல்வேன்.

சந்தனசாமியைப் பத்து வருடமாகத் தெரியும்.
பதினைந்து பேர் ஆட்டத்தில் ஏழாம் இலக்கம்.
ஸ்க்ரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பான்,
எவன் விழுந்தாலும் அங்கே முதல் ஆளாய் நிற்பான்.
ஸ்கோர் பலகையில் இடம் போதாதென்று
சாமியை வெட்டிவிட்டு 'சந்தன' என்று போட்டார்கள்.
கண்டியிலிருந்து வந்த கூட்டம்
தங்கள் வீட்டுப் பிள்ளை என்றே நினைத்துக் கத்தியது:
"சந்தன, அல்லப்பன்!"
பிடித்தான்.
"தோட்டத்துல அரைப் பேருன்னா
அரை நாள் சம்பளம் சேர்,
இங்க அரைப் பேருக்கு கைதட்டல்"
என்று சிரித்தான் ஒருநாள், காதில் கட்டுப் போடும்போது.

பிறகு சிட்னியிலிருந்து ஒருவன் வந்தான்
பதின்மூன்று பேர் ஆட்டத்துக்கு ஆள் பொறுக்க.
அங்கே ஸ்க்ரம்முக்கு ஓரமே கிடையாது.
பதினைந்தில் கழித்த அந்த இரண்டு பேர்
இவனும், இவனுக்கு மறுபக்கம் நிற்பவனும்.
இல்லாத இடத்துக்கா போகிறாய் என்றேன்
ஹட்டன் பஸ் தரிப்பில், மழையில்.
"இடம் இல்ல சேர். சம்பளம் இருக்கு."

மூன்று குளிர்காலம்.
போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான்.
விழுகிறான், எழுகிறான்,
பந்தைத் தரையில் வைத்துக் குதிகாலால் பின்னே உருட்டுகிறான்.
மறுபடி விழுகிறான், எழுகிறான்.
ஆறு தரம் விழுந்தால் பந்து எதிராளிக்கு.
"விழுறதையும் எண்ணுறாங்க சேர்,
கொழுந்து நிறுக்கிற மாதிரி."

முழங்கால் போனது. விசாவும் போனது.
திரும்பி வந்தவனுக்கு கிளப்
அதே ஏழாம் இலக்கச் சட்டையைக் கொடுத்தது,
தோளில் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

அன்றைக்குப் பத்தொன்பதுக்குப் பதினேழு.
இவன் பக்கம் இரண்டு புள்ளி முன்னே.
சொந்தக் கோட்டருகே பந்தோடு விழுந்தான்.
விழுந்தவன் விட வேண்டும்,
இந்த ஆட்டத்தில் அவ்வளவுதான் விதி.
அவனோ, பிடித்தவனை உதறி எழுந்தான்
பந்தை வைத்தான்
குதிகாலால் உருட்டினான்,
அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அழகாக.
பின்னால் எடுக்க யாருமில்லை.
மைதானமே ஒரு கணம் அவன் காலைப் பார்த்தது.

ஊதினேன்.
எதிரணி உதைத்தது. மூன்று புள்ளி.
அவன் வாதாடவில்லை.

பிறகு பைப்படியில் சேறு கழுவிக்கொண்டே சொன்னான்:
"மண்டைக்குத் தெரியும் சேர்.
காலுக்கு யாரும் சொல்லல."
அறிக்கைத் தாளில் காரணம் கேட்ட கட்டத்தில்
'பந்தை விடாமை' என்று எழுதினேன்.
அதற்குமேல் எழுத இடமில்லை.

அடுத்த மாதம் ரதல்லையில் அவன் ஆட்டம்.
மறுபடி விழுந்தான், என் கண்முன்னே.
இரண்டு கையையும் விரித்து விட்டுவிட்டான்,
யாரோ எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.
எல்லாரும் பந்தைத் துரத்திப் போக
கவிழ்ந்து கிடந்தவனின் வலது குதிகால்
ஈரப் புல்லில் ஒருமுறை
எதையோ பின்னே உருட்டியது.

அது குற்றமில்லை.
விசில் வாயில்தான் இருந்தது.