நான்காவது வரி

ஒப்புதல் தாளில் நான்காவது வரி.
டாக்டர் கியோ விரல் வைத்துக் காட்டினார்:
மூளையில் ரத்தக்கசிவு, மிக மிக அரிது,
பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பச்சைப் பலகைகளுக்கு மின்சாரம் கொடுத்து
உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவன் நான்.
மிக அரிது என்பது எங்கள் லைனில் வாரத்துக்கு ஒன்று.
தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மாதமாய்ச் சுவரைப் பார்த்துக் கிடந்தாள் அமிர்தகௌரி.
பல் தேய்க்கச் சொன்னால் "எதுக்கு" என்பாள்.
கேள்விகூட இல்லை அது.

திங்கள், புதன், வெள்ளி.
வெறும் வயிறு. கழற்றிய தோடு என் சட்டைப் பையில்.
உடம்பெல்லாம் மயக்கத்தில் கிடக்க
பட்டை கட்டிய வலது பாதம் மட்டும்
அரை நிமிஷம் துடிக்குமாம், மிஸ்ஸி சல்மா சொன்னார்.
வெளியே பெஞ்சில் நான்
என் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டு.

ஐந்தாவதுக்குப் பிறகு காரில்
"ஆயர் ஈத்தாம்ல அவன் இன்னும் லக்சா விக்கிறானா?"
ஜெலுத்தோங்கில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.
பசிக்கு ஏன் அழுகிறான் இவன் என்று பார்த்தாள்.

ஏழாவதுக்குப் பிறகு தலைவலி.
அதுவும் தாளில் இருந்ததுதான், இரண்டாவது வரி, சகஜம்.
பனடோல் கொடுத்தேன்.
மறுநாளும் பனடோல்.
மூன்றாம் நாள் கரண்டியைக் காட்டி
"அந்தக் குடையை எடுங்க" என்றாள்.
சிரித்தோம். இரண்டு பேருமே.

ஸ்கேன் படத்தில் மண்டையோட்டின் உட்புறம்
வெள்ளையாய் ஒரு பிறை.
டாக்டர் கியோ மறுபடி விரல் வைத்தார்.
இம்முறை விரல் கண்ணாடியில் நிற்கவில்லை.

அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகையில்
என் கையைப் பிடித்தாள்.
வாய் ஒரு பக்கம் இழுத்தது.
"விட்டு..." என்றாள்.
மீதியை லிஃப்டின் கதவு தின்றது.

விட்டுடுங்க.
விட்டுடாதீங்க.
ஷிஃப்ட் முழுக்க இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்,
பலகைகள் பச்சை விளக்கு எரிய நகர்ந்து போகின்றன.

நேற்று கேட்டேவிட்டேன்.
அவளுக்கு அந்த நாளே இல்லை. அந்த வாரமே.
லக்சா கேட்டதும்கூட.

இருட்டு திரும்பி வருமா,
வந்தால் அந்த இயந்திரத்திடம் மறுபடி போவோமா
தாளில் அதற்கு வரி இல்லை.

சட்டையைத் துவைத்ததில்
தோட்டின் திருகாணி ஒன்று காணோம்.
தையல் தடத்தின் மேல் அரை அங்குல முடியோடு
கட்டிலடியில் டார்ச் அடிக்கிறாள்.
"இங்க இல்லீங்க," என்கிறாள்,
"கொஞ்சம் நகருங்க."