மிளகு நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் முழுக்கப் போன வருட மிளகு:
காய்ந்தது எழுநூற்று இருபது கிலோ,
பூஞ்சை பிடித்தது நாற்பது.
நோட்டைத் தலைகீழாய்த் திருப்பிப்
பின்னட்டையிலிருந்து எழுத ஆரம்பித்தேன்:
ஆப்பிரிக்க எருமை. செப்டம்பர். பத்து நாள்.

ஜிம்பாப்வேயிலிருந்து ஹென்னி பதில் போட்டிருந்தார்.
வேட்டைக்கு அழைத்துப் போகிறவர்,
வார்த்தையைச் சில்லறையாகவே செலவழிப்பார்.
ஐந்து நாள் புழுதியைப் பார்ப்பீர்கள்.
இரண்டு நாள் வாலைப் பார்ப்பீர்கள்.
மிச்ச மூன்று நாளும் காற்றின் இஷ்டம்.
கிடைக்காமலும் போகலாம், பணம் திரும்பாது.
காயம்பட்டு ஓடினாலும் கணக்கு முடிந்தது:
ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால்
முழுத்தொகை.

அப்படியே எழுதிக்கொண்டேன்,
டாக்டர் சொன்ன சர்க்கரை அளவுக்கு
அடுத்த வரியில்.

சேலத்து ரைஃபிள் கிளப்பில்
படுத்துச் சுட்டால் நான் சூரன்தான்.
காகித வட்டம் மூச்சு விடாது,
திரும்பிப் பார்க்காது.
அங்கேயோ நின்றுகொண்டு சுட வேண்டுமாம்,
மூன்று கால் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து,
நாலு மணிநேரம் நடந்த கால்களோடு.

ஆகவே நாகலூர்த் தோட்டத்தில்
மூன்று மூங்கிலை ரப்பர் பட்டையால் கட்டினேன்.
துப்பாக்கிக்குப் பதில் விளக்குமாற்றுக் கட்டை.
காலையில் பலா மரம், மாலையில் தண்ணீர் டேங்க்.
ஒரு மாதத்தில் இரண்டையும் பலமுறை கொன்றாயிற்று.

பிலோமினா காபிக்கொட்டை பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"கொம்பக் கொண்டாருவீங்களா?"
சட்டம் விடாது, அங்கேயே கிடக்கும்.
"கறி?"
அந்த ஊர்க்காரர்களுக்கு.
"அப்ப கெடச்சாலும் வெறுங்கை,
கெடைக்காட்டியும் வெறுங்கை."
கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.
பதிலாக மூன்று வரி எழுதினேன்.
மூன்றையும் அடித்துவிட்டேன்.
அடித்தது தெரிகிறது, பேனா அழுத்தம் அதிகம்.

பிப்ரவரியில் ஒருநாள், பனி விலகுமுன்
சில்வர் ஓக் வரிசை நடுவே
காட்டுமாடு.
நாற்பது தப்படி இருக்கும்.
வெள்ளைக் காலுறை போட்ட பெருங்கருப்பு,
மூக்கிலிருந்து புகை.
என்னையறியாமல் மூங்கிலை ஊன்றி
கட்டையைச் சாய்த்தேன்.
படித்த பாடம்: முன்னங்காலுக்கு நேர்மேலே,
உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரம்.
முன்னங்காலைக் காபிச்செடி மறைத்திருந்தது.
பக்கவாட்டில் திரும்பட்டும் என்று நின்றேன்.
அது திரும்பவில்லை.
கட்டையின் நுனி முதலில் தட்டளவு ஆடியது,
பிறகு முறமளவு.
இதயம் எங்கே என்று தேடப் போனவனுக்கு
தன்னுடையதுதான் கேட்டது,
காதுக்குள், வெகு சத்தமாக.

பின்னால் செண்பகா, மிளகு பறிக்க வந்தவள்,
ஏணியைத் தோளில் வைத்தபடி கிசுகிசுத்தாள்:
"சார், கூட்டி முடிச்சிட்டீங்கன்னா
கொஞ்சம் தள்ளுங்க. அதுக்கு வழி வேணும்."
தள்ளினேன்.
அது போயிற்று, அவசரமே இல்லாமல்.

நோட்டில் எழுதினேன்:
தூரம் சரி. காற்று சரி.
மூச்சு தவறு. சுட்டிருக்கக் கூடாது.
அதன் கீழே ஒரு கோடு.
முன்பணம் கட்ட மார்ச் முப்பத்தொன்று கடைசி.

நேற்று நாலு ரோட்டில் பூட்ஸ் வாங்கினேன்,
செப்டம்பருக்குள் பழகட்டும் என்று.
இன்று சேர்வராயன் கோயில் வரை ஏறி இறங்கினேன்.
வீட்டுக்கு வந்து கழற்றினால்
இடது குதிகாலில் தோல் உரிந்து
சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு.

பிலோமினா பஞ்சு எடுக்க உள்ளே போனாள்.
ஹென்னியின் கணக்குப்படி
முழுத்தொகை.