வெளிப்பெட்டியில் ஒன்று

முதலில் இணைய வயரைக் கழற்றினேன்.
என் பழக்கம் அது.
கொப்பி எடுக்கிற நேரம் புதுக்கடிதம் வந்து விழுந்தால்
எது பழசு எது புதுசென்று
பிறகு பெட்டிக்கே தெரியாது.

குருநகர். நண்டுக் கொம்பனியின் மேல்மாடி.
கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.
மேலே, பன்னிரண்டு வயது வன்தட்டு
பல்லி மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது.
"பலன் பார்ப்பியளோ?" என்றேன்.
பேர்னடேற் சிரிக்கவில்லை.
"எல்லாம் வேணும்" என்றா.
"கடிதம் மட்டுமில்லை. இருக்கிறது இருக்கிற மாதிரி."

அப்படியென்றால் மெயில் புறோகிராமை மூடவேண்டும்.
மூடாமல் எடுத்தால்
கதைத்துக்கொண்டிருக்கிற ஆளைப் படம் பிடித்த மாதிரி,
வாய் திறந்தபடி வரும்.

ஒளித்து வைத்த கோப்புறைகளைக் காட்டச் சொன்னேன்.
உச்சரிக்க முடியாத எட்டெழுத்தில் ஒன்று.
அதற்குள் இருந்தது அவவின் பன்னிரண்டு வருசம்.

வரவு என்றொரு பைல், வால் இல்லை, ஆறு ஜீபி.
சிங்கப்பூர்க்காரன் விலை குறைத்தது,
விமானம் பிந்தி இரண்டு தொன் செத்தது,
யார் பிழை என்று மூன்று மாதம் எழுதியது,
எல்லாம் இடைவெளி விடாமல் ஒரே கயிற்றில்.
முகவரிப் புத்தகம் தனி.
கடவுச்சொற்கள் இரண்டு பைலில்,
ஒன்று பூட்டு, மற்றது திறப்பு.
ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்
எனக்குப் போன் எடுத்து அழுதிருக்கினம்.

பிறகு விதிகள்.
'அவசரம்' என்று வந்தால் சிவப்பு.
'மிக அவசரம்' என்று வந்தால் நிறமே இல்லை.
முதலாளியின் தம்பி எழுதினால் நேரே 'பிறகு'.
'பிறகு'வில் வாசிக்காதது நானூற்றுப் பதினேழு.
எது குப்பை என்று அவ தொட்டுத் தொட்டுக் காட்டப்
பெட்டி படித்த படிப்பும் ஒரு பைல்தான்.
அதையும் எடுத்தேன்.
திரும்பப் படிப்பிக்க ஆரால் ஏலும்?

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தியது. எண்பத்தொரு வீதம்.
இரண்டு பேரும் மூச்சு விடாமல் நீலக் கோட்டைப் பார்த்தோம்.
கீழே ஜெனரேற்றர் ஒருதரம் இருமி, பிறகு பிடித்தது.

புது மெஷினில் வைத்துத் திறந்தேன்.
எல்லாம் இருந்த இடத்தில்.
இடப்பக்கம், கடைசியில், தடித்த எழுத்தில்
வெளிப்பெட்டி (1).

2015 ஆடி. பெறுநர் முதலாளி.
விடயம்: வேலையிலிருந்து விலகல்.
நான் திறக்கவில்லை.
கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"இது போனதெல்லோ?"
"இல்லை அக்கா. 'அனுப்பு' இல்லை,
'பிறகு அனுப்பு' அழுத்தியிருக்கிறியள்."

கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அடுத்த நாள் அந்தாள்
வழமை போல ஐஸ் கணக்குக் கேட்டுது.
வாசிச்சுப்போட்டு
வாசிக்காத மாதிரி இருக்குது எண்டு நினைச்சன்.
அந்தப் பெருந்தன்மைக்குத்தான் இவ்வளவு நாளும்..."

வயர் என் கையில்.
குத்தினால் ஒரு சின்னச் சதுரம் எழும்பிக் கேட்கும்,
அனுப்பாதது ஒன்று இருக்கு, இப்போது அனுப்பவா?

"இப்ப போனால் என்ன திகதி விழும்?"
"எழுதின திகதிதான்."

கீழேயிருந்து ஒரு குரல்,
"பேர்னடேற், லொறி வந்திட்டுது!"
அவ எழும்பினா.
மேசைக்கடியில் காலால் செருப்பைத் துழாவினா.
"எல்லாம் வேணும் எண்டு சொன்னன்தானே.
அதுவும் கிடக்கட்டும்.
வயரை நான் வந்து குத்துறன்."

பில் எழுதினேன்.
கடிதங்கள், முகவரிகள், அமைப்புகள்:
இரண்டாயிரத்து ஐந்நூறு.
பழைய வன்தட்டு: இனிப் பாவிக்க வேண்டாம்.

நான் படியிறங்கும்போது
லொறியடியில் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தா,
சத்தமாய்,
நாற்பத்தாறு, நாற்பத்தேழு.