இரண்டாயிரத்து அறுபது

கரும்பு லாரிகளுக்கு நடுவே
கேம்பரைச் சுமந்தபடி
ஸ்டாங்கர் ஆலையின் எடைமேடையில் ஏறியது
எங்கள் பக்கி.
பின்னச்சு மட்டும் இரண்டாயிரத்து இருபது.

டயர்க்கடை சிபூசிசோ குந்தி உட்கார்ந்து
பக்கச்சுவர்ச் சேற்றைக் கட்டைவிரலால் வழித்தான்.
நூற்றொன்பது.
சக்கரத்துக்கு ஆயிரத்து முப்பது கிலோ,
இரண்டுக்கும் போக நாற்பது மிச்சம்.
பூபாலன் பர்ஸை மூடிவிட்டார்.

தண்ணீர்த் தொட்டி? என்றேன்.
காலி.
அறுபது லிட்டர் பிடிக்கும்.

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.
கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ், பேட்டரி
மூன்றும் இடப்பக்கம்.
எடைமேடை பங்கு பிரித்துச் சொல்லாது.
டிசம்பர் வெயிலில்
வான் ரீனன் கணவாய் ஏறும்போது
கணக்கில் விட்ட இருபது கிலோ
ரப்பருக்குள் இருந்து வேகும்.

நூற்றிருபத்தொன்று வாங்கினோம்.
பத்து பிளை. தட்டினால் பலகைச் சத்தம்.

கேம்பரை இறக்கிவைத்த திங்கட்கிழமை
வெறும் பக்கியில் வேலைக்குப் போகிறேன்.
ஒவ்வொரு வேகத்தடையும்
இடுப்பில் வந்து ஆஜர் சொல்கிறது.
மதியச் சாப்பாட்டில்
ரசமும் தயிரும் ஒன்றாகிவிட்டன.

"கேட்டு வாங்கிக்கிட்ட" என்கிறார் பூபாலன்.

ஆமாம்.
நம்பர் சொல்லித்தான் கேட்டேன்.